உள்ளாட்சிக்குத் திறந்தமூல டேட்டாபேஸ் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, தெருவிளக்குப் புகார் என்று ஓர் உள்ளாட்சி அலுவலகம் அன்றாடம் தொடும் எல்லாமே கடைசியில் ஏதோ ஒரு டேட்டாபேஸில்தான் போய் உட்காருகிறது. பல இடங்களில் அது ஆரக்கிள், அல்லது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர். அதை எடுத்துவிட்டு போஸ்ட்கிரெஸ் மாதிரி, நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் முடிகிற திறந்தமூல டேட்டாபேஸ் ஒன்றை வைக்கலாமா என்று கேட்பவர்கள் மூன்று வகை: உரிமக் கட்டணப் பில்லைப் பார்த்து மிரண்ட கணக்கு அதிகாரி, ஏதோ கூட்டத்தில் கேள்விப்பட்டு வந்த ஆணையர், எப்படியும் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்த கணினிப் பிரிவு ஊழியர். மூவரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மூன்றாம் வகை. பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

முடியுமா, முடியாதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

முடியும். புதிதாகக் கட்டுகிற மென்பொருளுக்கு இன்று தயங்கக் காரணமே இல்லை. பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவது தனிக் கதை. அங்கே டேட்டாபேஸின் திறமை பற்றிய பேச்சே எழாது. அதன் மேல் எழுதிவைத்த நிரல் யார் கையில் இருக்கிறது, அதைத் திறந்து படிக்க ஆள் உண்டா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

திறந்தமூலம் என்றால் இலவசம்தானே?

உரிமத்துக்குப் பணம் கிடையாது, அவ்வளவுதான். சர்வர் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும், அவர் கைமீறிப் போனால் கூப்பிட ஓர் ஆதரவு ஒப்பந்தம் வேண்டும். மாற்றும் காலத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடுவதால் முதல் ஒன்றிரண்டு வருஷம் செலவு கூடத்தான் செய்யும். முதல் வருஷமே மிச்சம் என்று கோப்பில் எழுதிக்கொடுக்கிறவரை நம்பாதீர்கள்.

ஆனால் வணிக டேட்டாபேஸின் செலவு எப்படி வளர்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரக்கிளில் ஆண்டு ஆதரவுக் கட்டணம் உரிமத் தொகையில் 22 சதவீதம். ஐந்து வருஷம் கட்டினால் 110 சதவீதம், அதாவது உரிமத்தை இன்னொரு முறை வாங்கியதைவிட அதிகம். பெரிய அட்டவணையை வருஷவாரியாகப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷனிங் வசதி வேண்டுமா, உயர்ந்த பதிப்பை வாங்கிய பிறகு அதற்கு மேல் தனிக்காசு. எஸ்க்யூஎல் சர்வரில் கோர் (செயலியின் உட்கரு) கணக்கு: மெய்நிகர் சர்வரில் இரண்டே கோர் இருந்தாலும் குறைந்தது நான்குக்கு உரிமம் எடுத்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸில் பார்ட்டிஷனிங் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது, கோரை யாரும் எண்ணுவதும் இல்லை. சோதனைக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, மாற்றிடத்தில் ஒன்று என்று எத்தனை பிரதி வைத்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். இந்த நிம்மதிக்கு விலை போட முடியாது என்றாலும், உரிமத் தணிக்கைக் கடிதம் ஒருமுறை வந்த அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள்.

எது எதையெல்லாம் திறந்தமூல டேட்டாபேஸ் என்று சொல்கிறீர்கள்?

என் கணக்கில் உள்ளாட்சிக்கு உண்மையான போட்டி இரண்டுதான்: போஸ்ட்கிரெஸ், மரியாடிபி.

போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்றைய முழுப்பெயர் வந்தது. யாருடைய சொத்தும் இல்லை, உரிமமும் மிகத் தாராளம். மைஎஸ்க்யூஎல் 1995இல் வந்தது, 2008இல் சன் நிறுவனத்துக்கும், சன்னை ஆரக்கிள் வாங்கியதால் 2010இல் ஆரக்கிளுக்கும் கை மாறியது. ஆரக்கிளுக்குப் போகப்போகிறது என்ற பேச்சு வந்தபோதே அது பிடிக்காமல், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் பிரித்துக் கொண்டுபோனதுதான் மரியாடிபி.

எஸ்க்யூலைட்டையும் சொல்ல வேண்டும். பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் மைய டேட்டாபேஸாக அதை வைக்க முடியாது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ஊழியரின் டேப்லெட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. மோங்கோடிபி 2018இல் உரிமத்தை மாற்றிக்கொண்டது. நிரல் கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, திறந்தமூலம் என்பதன் பொது வரையறைக்குள் இப்போது அது வராது.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ். கீழே பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் தரவு மிகப் பெரியது. தாங்குமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் கட்டடம், வருஷத்துக்கு இரண்டு தவணை, இருபது வருஷம். மொத்தம் 40 லட்சம் வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது என்று வைத்தால் இன்னொரு 40 லட்சம். இது ஒரு சாதாரண மடிக்கணினியே அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிற அளவு. போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணையின் உச்சவரம்பு 32 டெராபைட். ஸ்கேன் செய்த கட்டட வரைபடங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தால் மட்டும் அளவு ஊதியிருக்கும். அவற்றைக் கோப்புகளாக வெளியே எடுத்து வையுங்கள், எந்த டேட்டாபேஸாக இருந்தாலும்.

கஷ்டம் வருகிற இடம் வேறு: அபராதமில்லாமல் வரி கட்டக் கடைசி நாள். வருஷம் முழுக்கத் தூங்கிய சர்வருக்கு அன்று ஒரே மணி நேரத்தில் ஊரே வருகிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ் திறக்கும், நீங்கள் மாற்றாவிட்டால் 100 இணைப்புதான் உச்சம். நூற்றொன்றாவது ஆளுக்கு ‘ஏற்கெனவே ஆள் அதிகம்’ என்று பிழை வரும். உடனே ‘ஆரக்கிளில் இப்படி ஆனதே இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். நடுவில் பிஜிபவுன்ஸர் என்ற சின்னக் கருவியை வைத்து இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்தால் ஆயிரம் பேர் வந்தாலும் உள்ளே முப்பது நாற்பது இணைப்பில் முடிந்துவிடும். தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. தெரியாத இடத்தில் அன்று மாலைக்குள் விஷயம் பத்திரிகைக்குப் போய்விடும்.

பிறகு மாற்றுவதில் சிக்கல் எங்கேதான் இருக்கிறது?

தரவை நகர்த்துவது சுலபம். ஆரக்கிளிலிருந்து எடுக்க ஓரா2பிஜி, எஸ்க்யூஎல் சர்வரிலிருந்தும் மைஎஸ்க்யூஎல்லிலிருந்தும் எடுக்க பிஜிலோடர் இருக்கின்றன, இரண்டும் திறந்தமூலம். ஓரா2பிஜி இன்னொரு காரியமும் செய்யும்: பழைய டேட்டாபேஸைப் படித்து, மாற்ற எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று மதிப்பீட்டு அறிக்கை தரும். ஓர் அலகு ஐந்து நிமிஷம் என்ற கணக்கில் கூட்டிச் சொல்லும். எந்த முடிவும் எடுக்கும் முன் இதை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஒரு மதிய வேளைக்கு மேல் ஆகாது.

சிக்கல் டேட்டாபேஸுக்கு உள்ளே எழுதிவைத்த புரசீஜர்கள் என்ற சிறு நிரல்களில் இருக்கிறது. வரி கணக்கிடும் விதி, அபராத விதி, காலி மனை விதி எல்லாம் யாரோ ஒருவர் எழுதி, அவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்த மொழி ஒரு நிறுவனத்தின் சொந்த மொழி. பாதி தானாக மாறும், மீதியை உட்கார்ந்து படிக்க வேண்டும். மோசம் என்னவென்றால், சில இடங்களில் பிழையே வராமல் பதில் மட்டும் தப்பாக வரும்.

நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சொத்து வரி மென்பொருளை மாற்றியிருந்தோம். சோதனைக்கு 500 வரி அறிவிப்புகள் அச்செடுத்தோம். பெயர் சரி, தொகை சரி. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றில் முகவரி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. முகவரியே பதியாதவை போல என்று முதலில் விட்டுவிட்டோம். ஒரு வருவாய் உதவியாளர் ஒரு தாளைத் தூக்கி, ‘இது என் வீட்டுக்குப் பின்வீடு சார், இதற்கு முகவரி இல்லாமல் எப்படி?’ என்றார். தேடினால் காரணம் இது: முகவரி என்பது கதவு எண், உட்கதவு எண், தெரு என்று மூன்று புலங்களை ஒட்டித் தயாராகிறது. உட்கதவு எண் எல்லோருக்கும் இருக்காது. ஆரக்கிளில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும், மதிப்பே பதியவில்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’லும் ஒன்றுதான். நல்லை எதனோடு ஒட்டினாலும் மற்றது அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் நல்லை எதனோடு ஒட்டினாலும் மொத்தமும் நல் ஆகிவிடும். உட்கதவு எண் இல்லாத வீடெல்லாம் முகவரி இழந்து நின்றது. திருத்தம் ஒரு வரி, ஆனால் அதே மாதிரி ஒட்டுதல் நிரல் முழுக்க 140 இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தேதி இன்னொரு பொறி. ஆரக்கிளில் தேதி என்ற வகைக்குள் மணி, நிமிஷம், வினாடி ஒளிந்திருக்கும். போஸ்ட்கிரெஸில் தேதி என்றால் தேதி மட்டும். பணம் கட்டிய நேரத்தோடு கெடுவை ஒப்பிடும் ஒரு வரி இருந்தால், கடைசி நாள் பகல் பதினோரு மணிக்குக் கட்டியவர் தாமதமா இல்லையா என்ற பதில் இரண்டிலும் வேறாகலாம். எது சரி என்பதை நிரலாளர் முடிவு செய்யக்கூடாது, வருவாய்ப் பிரிவு எழுத்தில் தர வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வருகிறவர்களுக்கு எழுத்து வேறுபாடு: அங்கே வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தேடலில் ஒன்று, இங்கே வேறு வேறு. ‘நேற்று வரை வந்த பெயர் இன்று தேடினால் வரவில்லை’ என்ற புகாரில் பாதி இதுதான்.

இதனால்தான் ஒரு முழுத் தவணைக்காவது பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, இரண்டின் மொத்தத்தையும் வார்டு வாரியாக ஒப்பிடச் சொல்கிறேன். ஊர் மொத்தம் பொருந்தினால் போதாது. ஒரு வார்டில் கூடியதும் இன்னொன்றில் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துவிட்டு அழகாக நிற்கும்.

மென்பொருள் கொடுத்த நிறுவனம் ‘ஆரக்கிளில் மட்டும்தான் ஓடும்’ என்கிறதே?

அப்படியானால் அந்த மென்பொருள் இருக்கும் வரை டேட்டாபேஸை மாற்ற முடியாது. அவர்களை மீறி மாற்றினால் அடுத்த பிழைக்கு ‘எங்கள் பொறுப்பில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. செய்யக்கூடியது, ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வருஷம் முன்பே பேச்சை ஆரம்பிப்பது. புதுப்பிக்கும் வாரத்தில் கேட்டால் பேரம் பேச இடமே இருக்காது.

நிலவரைபடம், குழாய்ப் பாதை மாதிரியானவை?

இங்கே திறந்தமூலம் சமாளிக்கும் என்று சொல்வது குறைத்துச் சொல்வது, பல விதத்தில் இதுதான் முன்னால் நிற்கிறது. 2001இல் முதலில் வந்த போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இணைப்பை போஸ்ட்கிரெஸில் போட்டால் மனைகளின் எல்லை, சாக்கடைப் பாதை, தெருவிளக்குக் கம்பம் எல்லாம் சாதாரண அட்டவணையில் ஒரு புலமாக உட்கார்ந்துவிடும். ‘இந்தப் பிரதானக் குழாயிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தும் இணைப்பு வாங்காத கட்டடங்கள் எவை’ என்பதை ஒரே குவரியில், அதாவது ஒரே தேடல் கட்டளையில், கேட்கலாம். பிரான்ஸின் தேசிய வரைபட நிறுவனம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வடிவங்களை இதில் வைத்திருக்கிறது. பார்க்கவும் திருத்தவும் கியூஜிஐஎஸ் இருக்கிறது, அதற்கும் உரிமக் காசு இல்லை. எங்கே தொடங்கலாம் என்று தயங்குகிற அலுவலகத்துக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

தமிழில் பெயர், முகவரி வைத்தால் சரியாக வருமா?

வரும், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால். பழைய தரவில் இருக்கும் பிழைகள் மாற்றும்போதுதான் வெளியே தெரியும் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது நீளம். யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் ஒரு சாதாரணத் தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ஆரக்கிளில் ஒரு புலத்தை 30 என்று வரையறுத்து வேறெதுவும் சொல்லாவிட்டால் அது 30 பைட், அதாவது பத்தே குறியீடு. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் காலும் கொம்பும் புள்ளியும் சேர்த்துப் பதினாறு குறியீடு. பத்தோடு நிறுத்தினால் ‘மீனாட்சிசு’. இடம் போதவில்லை என்று எழுத்தர்கள் சுருக்கிப் பதிந்த பெயர்கள் பழைய தரவில் எக்கச்சக்கமாக இருக்கும். போஸ்ட்கிரெஸில் 30 என்றால் 30 குறியீடு. இனி வெட்டாது, ஆனால் ஏற்கெனவே வெட்டுப்பட்டது திரும்பி வராது.

இரண்டாவது வரிசை. யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ழ என்பது வ-வுக்கு முன். அந்த வரிசைப்படி அடுக்கினால் கமலாவுக்கு முன் கனகா வந்து நிற்பார், பவானிக்கு முன் பழனி வருவார். அகராதி வரிசையில் இரண்டுமே தலைகீழ். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் வரிசைமுறையைக் கேட்டு வாங்கலாம், அதில் தமிழ் சரியாக வரும். இதையொட்டி ஓர் எச்சரிக்கை: இயங்குதளத்தின் வரிசைமுறையை நம்பி இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டுப்பட்டியல்) போட்டிருந்தால், இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் இண்டெக்ஸை மறுபடி கட்டுங்கள். 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்ஸியின் 2.28 பதிப்பு வந்து வரிசைமுறையை மாற்றியபோது, தரவு இருந்தும் தேடினால் கிடைக்காத நிலை வந்து பலர் திண்டாடினார்கள்.

மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பது. ‘கோ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். ஒரு கோபாலைத் தேடினால் இன்னொரு கோபால் வரமாட்டார். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து இதை ஒரே வடிவமாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, தரவை ஏற்றும்போதே போட்டுவிடுங்கள். காலுக்குப் பதில் ர தட்டியிருந்தால் அதற்கு எந்த டேட்டாபேஸிலும் மருந்து இல்லை.

மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியில் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 அமைப்பு இருந்தால் சாதாரணத் தமிழ் எழுத்து எல்லாம் ஏறிவிடும். புகார் மனுவில் யாராவது ஒரு கோபமுகப் பொம்மையைப் போட்டால் பிழை அடிக்கும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த மாகாணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளும் ஏறாது. நான்கு பைட் அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிரல் எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே, பாதுகாப்பா?

2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு சில நிமிஷங்களில் உலகம் முழுக்கப் பரவியது. அது தாக்கியது எஸ்க்யூஎல் சர்வரை. அந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை. 2017 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துப் பணயத்தொகை கேட்டார்கள். அவை கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தவை. இரண்டிலும் கதவு திறந்திருந்ததுதான் காரணம். பூட்டு எந்தக் கம்பெனி என்பதற்கு அங்கே வேலையில்லை.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸ் கோப்புகளைத் தானே மறையாக்கி (என்கிரிப்ட் செய்து) வைக்கும் வசதி பொதுவான போஸ்ட்கிரெஸில் இல்லை. வட்டையே மறையாக்கியோ முக்கியமான புலங்களைத் தனியாக மறையாக்கியோ ஈடுகட்ட வேண்டும். யார் எதைப் பார்த்தார் என்று பதிய பிஜிஆடிட் இருக்கிறது. ஒரு வார்டு ஊழியர் தன் வார்டு வரிசைகளை மட்டும் பார்க்கும்படி டேட்டாபேஸ் அளவிலேயே கட்டுப்படுத்தலாம். இவை தானாக வராது, ஒருவர் உட்கார்ந்து அமைக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

இதுதான் ஆணையர்களின் முதல் கேள்வி, சரியான கேள்வியும்கூட. போஸ்ட்கிரெஸுக்குக் கட்டண ஆதரவு தரும் நிறுவனங்கள் பல உண்டு. ஒன்று பிடிக்கவில்லையென்றால் டேட்டாபேஸை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றலாம். ஆரக்கிளுக்கு அடிப்படைத் திருத்தம் தரக்கூடியது ஆரக்கிள் மட்டும்தான்.

ஆனால் ஒப்பந்தம் போட்டுவிட்டு உள்ளே ஒருவரையும் வளர்க்காமல் விட்டால் அது தொலைபேசி எண் வாங்கிய கதைதான். குறைந்தது இரண்டு பேர். ஒருவர் போதாது, அவர் விடுப்பில் போகிற வாரம்தான் வட்டு நிறையும். போஸ்ட்கிரெஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் திருத்தம் வரும். நிறுவிவிட்டு மறந்துவிடுகிற பழக்கமுள்ள இடத்தில் இந்த ஐந்து வருஷம் சீக்கிரம் ஓடிவிடும்.

பேக்கப்?

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், படிக்க வேண்டிய கதை. களைத்துப்போன ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய போஸ்ட்கிரெஸ் அடைவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் அந்த இடம் காலி. பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

எனவே பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு டேட்டாபேஸை எழுப்பிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பிஜிபேக்ரெஸ்ட், பார்மன் இரண்டுமே நல்ல கருவிகள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டு, நேற்றைய வசூல் தொகை பொருந்துகிறதா என்று கணக்குப் பிரிவையே பார்க்கச் சொல்லுங்கள்.

உலகத்தில் எந்த நகரமாவது செய்திருக்கிறதா? ம்யூனிக் தோற்றுப்போனதாகச் சொல்கிறார்களே?

ம்யூனிக் மாற்றியது ஊழியர்களின் மேசைக் கணினியை. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குச் சுமார் 15,000 கணினிகளைக் கொண்டுபோய், 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று நகரசபை வாக்களித்தது. மேசைக் கணினியை ஒவ்வோர் ஊழியரும் காலை முதல் மாலை வரை பார்க்கிறார், சின்ன மாற்றமும் உறுத்தும். டேட்டாபேஸை யாரும் பார்ப்பதில்லை. திரை அதேபோல இருந்தால் அடியில் எது ஓடுகிறது என்று கவுண்ட்டரில் இருப்பவருக்குத் தெரியவே வேண்டாம். அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

மக்கள் கருத்துச் சொல்லி வாக்களிக்க மட்ரிட் நகரம் 2015இல் தொடங்கிய கான்சல், பார்சிலோனா உருவாக்கிய டெசிடிம் இரண்டும் போஸ்ட்கிரெஸ் மேல் ஓடுபவை. நிரலோடு வெளியிட்டதால் வேறு பல நகரங்களும் எடுத்துக்கொண்டன. மறுபுறம் பர்மிங்காம் நகரசபை 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் நிதி மென்பொருளுக்கு மாறி, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் நீண்ட நாள் அவதிப்பட்டது. டேட்டாபேஸின் தரத்தால் வந்த அவதி இல்லை அது. தன் பழைய நடைமுறைக்கு ஏற்ப மென்பொருளை வளைக்கப் போய் வந்தது. பெரிய பெயர் வாங்கினால் பிரச்சினை வராது என்பவர்களுக்காகச் சொன்னேன்.

கிளவுடில் போஸ்ட்கிரெஸ் எடுத்தால் எல்லாம் தீர்ந்ததா?

பேக்கப், புதுப்பிப்பு தலைவலி பாதி தீரும். போஸ்ட்கிரெஸ் போலவே பேசும் ஆனால் உள்ளே வேறாக இருக்கும் சேவைகளும் உண்டு. அமேசானின் அரோரா அப்படி ஒன்று, அது திறந்தமூலம் இல்லை. அந்தச் சேவைக்கே உரிய வசதிகளைத் தொடாதவரை வெளியே வரலாம்.

டெண்டரில் என்ன எழுதுவது?

பெயரை எழுதாதீர்கள். ‘ஆரக்கிள் 19சி அல்லது அதற்கு மேல்’ என்று முந்தைய டெண்டரிலிருந்து ஒட்டிய ஒரு வரிதான் பல அலுவலகங்களை இத்தனை வருஷம் கட்டிப்போட்டிருக்கிறது. தேவையை எழுதுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர், நின்றால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும், அதிகபட்சம் எத்தனை நிமிஷத் தரவு போகலாம். வரி விதி, அபராத விதி எல்லாம் டேட்டாபேஸ் புரசீஜருக்குள் போகாமல் மென்பொருளில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் முழுத் தரவு, அட்டவணை விளக்கம், மூலநிரல் மூன்றும் கைக்கு வர வேண்டும் என்பதையும், அதை வருஷம் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். வெறும் ‘தரவு தரப்படும்’ என்று விட்டால் ஒருநாள் 900 எக்செல் கோப்பு வந்து சேரும்.

எதை முதலில் மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

புகார்ப் பதிவு, வரைபடம், அறிக்கைக்கான நகல் டேட்டாபேஸ் இவற்றில் கை பழகலாம். தவறினால் சிரமம்தான், பணம் போகாது. சம்பளமும் ஓய்வூதியமும் கடைசி. இரண்டு வருஷத்தில் எப்படியும் தூக்கி எறியப்போகிற மென்பொருளைத் தொடவே வேண்டாம். ஊழியர் இல்லை, ஆதரவு ஒப்பந்தத்துக்குக் காசு இல்லை, உரிமமோ ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்ற சின்ன அலுவலகமும் பேசாமல் இருப்பதே நல்லது. பக்கத்து அலுவலகங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் நடத்தினால் மட்டும் யோசிக்கலாம்.

எல்லாம் முடிந்துவிட்டது. பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

அந்த வருஷத்துத் தணிக்கை முடிகிற வரை வேண்டாம். அதுவரை படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். அதற்கான உரிமக் கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம். பின்னர் சுவிட்சர்லாந்தின் தேசிய ஆவணக்காப்பகம் உருவாக்கிய சியார்ட் வடிவத்தில் ஒரு முழு நகல் எடுத்து வைக்கலாம், எந்த டேட்டாபேஸ் மென்பொருளும் இல்லாமல் பிற்காலத்தில் படிக்க முடியும்.

அணைக்கும் முன் ஒரு வாரம் வலைக்கம்பியை மட்டும் உருவிப் பாருங்கள். நாங்கள் உருவிய மூன்றாம் நாள் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து நின்றார். பத்து வருஷம் முன்பு யாரோ எழுதிக்கொடுத்த ஓர் எக்செல் கோப்பு, யாருக்கும் தெரியாமல், தினமும் காலை அந்த சர்வரிடம்தான் எண் வாங்கிக்கொண்டிருந்ததாம்.